ஜன்னலில் ஒட்டிய சேற்றரசன்

ரிஸ்வானா, சலீம்,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது ஆளுக்கொரு கேள்வி கேட்டீர்கள். சலீம் கேட்டது: "அத்தா, இப்ப நாலு வார்த்தை டைப் பண்ணா கம்ப்யூட்டரே ஒரு பூதத்தை வரைஞ்சு குடுத்துடுது. நீங்கல்லாம் ஒரு பூதத்துக்கு மாசக்கணக்குல என்னதான் பண்ணீங்க?" ரிஸ்வானா கேட்டது வேறு. "நீங்க வரையும்போது நான் பக்கத்துல வந்தா ஏன் கையை வச்சு மறைக்கறீங்க? நான் என்ன திருடிட்டா போகப் போறேன்?" அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நடந்ததில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

பத்தாவது முடித்ததும் குரோம்பேட்டையில் பள்ளிக்கூட சார்ட் அச்சடிக்கும் கம்பெனியில் சேர்ந்தேன். பூவின் பாகங்கள், போக்குவரத்து விதிகள், நல்ல பழக்கங்கள் என்று வகுப்புச் சுவரில் மாட்டுவார்களே, அதுதான். குறுக்கே வெட்டிய செம்பருத்தியைத் தூக்கத்தில்கூட வரைவேன். அந்தக் கம்பெனி மூடியதும், தாம்பரம் மேற்கில் பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்த ஒரு காமிக்ஸ் ஸ்டூடியோவுக்குப் போனேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, நீங்கள் இருவரும் சின்ன வகுப்பில் இருந்த காலம் அது.

அங்கே அப்போது ஒரு மாயாஜாலக் கதை தயாராகிக்கொண்டிருந்தது. ஏரிகளால் ஆன ஒரு நாடு. மதகைத் திறந்து மூடும் ஒரு பெண். ஏரியின் அடியில் படுத்திருக்கும் சேற்றரசன் என்ற பூதம். கதையை எழுதுகிறவர் "பயங்கரமான உருவம் எழுந்தது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார். அந்த உருவத்துக்குக் கொம்பு உண்டா, எத்தனை விரல், நடந்தால் தரை அதிருமா, தண்ணீர் எப்படிக் குடிக்கும் என்பதையெல்லாம் ஒரு பக்கம்கூடக் கதை வரைவதற்கு முன்பே யாராவது முடிவு செய்தாக வேண்டும். அதற்குப் பெயர்தான் கான்செப்ட் ஆர்ட். அதுதான் என் வேலை.

எங்களுக்கு மேலே ஆபிரகாம் சார். விளம்பரக் கம்பெனியில் இருந்து வந்தவர். நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. படத்தை வாங்கியதும் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார். நேராக இருந்தால் முகத்தைத்தான் பார்ப்போம், தலைகீழாக இருந்தால்தான் உருவம் தெரியும் என்பது அவர் கணக்கு. பிறகு, "இது யாரு?" என்று கேட்பார். நாம் வாயைத் திறந்து விளக்க ஆரம்பித்தால் போச்சு. படத்தை நம் மேஜையிலேயே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "கோயில் தூண்ல இருக்கற யாளியைத் தூக்கிட்டு வராதீங்க. அது இருக்கற இடத்துல நல்லாத்தான் இருக்கு."

ஒரு உருவம் அவர் மனதுக்குப் பிடித்துவிட்டால் மட்டும் அடுத்த வேலை நடக்கும். கறுப்புத் தாளில் அதன் வெளிக்கோட்டை மட்டும் எடுத்து, தாமே கத்தரியால் வெட்டுவார். கண், மூக்கு, தோல் எதுவும் கிடையாது, வெறும் நிழல். அதை எங்கள் அறையின் பெரிய ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுவார். "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தம், அதை ஒட்டி ஆறுமுகத்தின் டீக்கடை. அங்கே நின்று, ஓடுகிற பஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே அண்ணாந்து பார்க்க வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து, அவ்வளவு சந்தடியில், நிழலை வைத்தே இது இன்னார் என்று தெரிந்தால் அந்த உருவம் பாஸ். இல்லாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. சலீம், மாசக்கணக்கில் என்ன செய்தோம் என்று கேட்டாயே. பெரும்பாலும் அந்த டீக்கடையில் நின்று கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சேற்றரசன் எனக்குக் கிடைத்தது சிட்லபாக்கம் ஏரியில். நாம் அப்போது குடியிருந்த வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஏரிக்கரை வழியாகத்தான் போவேன். எருமைகள் உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு மூக்கை மட்டும் மேலே நீட்டிக் கிடக்கும். முதுகில் கொக்குகள் வரிசையாக நிற்கும். எருமை எழுந்தால்கூடக் கொக்கு பறக்காது, அதோடு சேர்ந்து எழும். அதைத்தான் வரைந்தேன். ஏரி முழுவதும் அடைத்துக்கொண்டு கிடக்கிற ஒரு முதுகு, முன்னால் தாழ்ந்த கழுத்தும் எருமைக் கொம்பும். அதை மேடு என்று நம்பி நிற்கிற கொக்குகள். மேடு ஒரு நாள் எழுந்திருக்கும். ஆபிரகாம் சார் தலைகீழாகப் பார்த்தார். "இது யாரு?" என்று கேட்கவில்லை. நேராகக் கத்தரியை எடுத்தார்.

ஜன்னலில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தான் சேற்றரசன். அவனைப் பார்க்கத்தான் டீ குடிக்கப் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு ஒரு காலை, முதலாளி வரதன் சார் கையில் ஒரு சிறுவர் மாத இதழோடு வந்தார். வேறொரு பதிப்பகத்தின் இதழ். பின் அட்டையில் ஒரு புதுத் தொடருக்கான அறிவிப்பு, அதில் ஒரு பூதம். அதே வளைந்த முதுகு, அதே தாழ்ந்த கழுத்து, அதே கொம்பு வளைவு. எங்கள் கதை வெளிவர இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது.

"உள்ள இருந்துதான் வெளிய போயிருக்கு," என்றார் வரதன் சார்.

ஆபிரகாம் சார் இதழை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். "ஆமா. நம்மளோடதுதான்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு மாலையிலிருந்து படிக்கட்டுத் திருப்பத்தில் வாட்ச்மேன் மணி நின்றார். வீட்டுக்குப் போகிறவர்கள் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். டிபன் பாக்ஸின் மூடியைக்கூடத் திறக்கச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க பாய், முதலாளி ஆர்டர்" என்பார். ஜன்னலில் எதையும் ஒட்ட நேரமில்லை, ஏனென்றால் சேற்றரசனை விட்டுவிட்டு வேறு பூதம் அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தது. அதை ஒரே ஆள் முழுதாக வரையக் கூடாது என்று உத்தரவு. தலை எனக்கு. உடம்பு கோபிக்கு. அவன் என்னைவிட இளையவன், பக்கத்து மேஜை, அதுவரை என் டிபனில் பாதியைச் சாப்பிடுகிறவன். வண்ணம், கம்ப்யூட்டரில் உட்காரும் சுகந்திக்கு. மேஜைகளுக்கு நடுவே அட்டை வைத்து மறைத்தார்கள். முழுதாகத் தெரிந்தால்தானே விற்க முடியும் என்பது முதலாளியின் யோசனை.

"பாய், உங்க தலையை இந்தப் பக்கம் காட்டாதீங்க. அப்புறம் நான் வித்துடுவேன்," என்று கோபி அட்டைக்குப் பின்னாலிருந்து சொல்வான். முதல் இரண்டு நாள் சிரித்தோம். அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. அவனிடம் புது செல்போன் ஒன்று வந்திருந்தது. அதை நான் பார்த்தேன் என்பதை அவனும் பார்த்தான்.

என் பக்கம் சந்தேகம் திரும்பியது யூசுப் மாமாவால். உங்கள் அம்மாவின் தம்பி அப்போது ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். அந்தச் சிறுவர் இதழ் அங்கேதான் அச்சானது. உங்களுக்கு நினைவிருக்கும், மாதாமாதம் ஓரம் கிழிந்த பிரதிகளை உங்களுக்குக் கொண்டுவந்து கொடுப்பார். அவர் அங்கே வேலை செய்வது எப்படியோ வரதன் சார் காதுக்குப் போய்விட்டது. என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

"பாய், உங்க மச்சான் எங்க வேலை செய்றாரு?"

சொன்னேன்.

"இதை நீங்களா வந்து ஏன் முதல்லயே சொல்லல?"

"கேக்கலையே சார்."

"கேட்டாத்தான் சொல்வீங்களா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "நான் யார் மேலயும் பழி போடல. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். யாரு குடுத்தாங்கன்னு தெரியணும். தெரியலைன்னா நீங்க வேற இடம் பாத்துக்கறதுதான் ரெண்டு பேருக்கும் மரியாதை."

வேலை போனால் வேறு வேலை என்று நினைக்கிற மாதிரியான தொழில் இல்லை எங்களுடையது. இந்த ஊரில் படம் வரைகிறவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வெளியில் கொடுக்கிறவன் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், பிறகு எந்த ஸ்டூடியோவிலும் நமக்கு ஒரு மேஜை போடமாட்டார்கள். அந்தப் பெயரோடு உங்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.

அந்த வாரம் யூசுப் மாமா வீட்டுக்கு வந்தபோது கேட்டுவிட்டேன். உங்களை வெளியே விளையாடச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன்.

"மச்சான், நான் ஊசி நூலோட உக்காந்திருக்கேன். தைக்கிற புஸ்தகத்துல என்ன இருக்குன்னு படிக்கக்கூட எனக்கு நேரமில்ல," என்றார். "உங்க பூதத்தை நீங்க எனக்கு என்னைக்காவது காட்டியிருக்கீங்களா?"

"காட்டல."

"அப்புறம் எதை நான் கொண்டு போய்க் குடுப்பேன்?"

நியாயமான பேச்சுதான். இருந்தாலும் நான் பதில் சொல்லாமல் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தேன். அது போதும். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். "என் தம்பியையே நிறுத்திக் கேட்டுட்டீங்க" என்று உங்கள் அம்மா சொன்னார். அந்த வருஷம் பெருநாளன்று மாமா ஏன் வரவில்லை என்று நீங்கள் நச்சரித்தீர்கள். காரணம் இதுதான்.

இதற்கிடையே பிரித்துக் கொடுத்த புதுப் பூதத்தின் பாகங்களைச் சேர்த்துப் பார்க்கும் நாள் வந்தது. ஏரிப் பிராணிதானே என்று நான் மூக்கு மேலே பார்க்கிற தலையை வரைந்திருந்தேன். அரசன்தானே என்று கோபி இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் உடம்பை வரைந்திருந்தான். சுகந்தியிடம் வறட்சி வருகிற காட்சி என்று மட்டும் சொல்லியிருந்தார்கள், அவள் செம்மண் நிறம் வைத்திருந்தாள். மூன்றையும் ஒட்டியபோது, செக்கச்செவேல் என்று ஒருவன் நின்றுகொண்டு வானத்தை மோந்து பார்த்தான்.

"மழை வருமான்னு பாக்கறாரு போல," என்றாள் சுகந்தி. கோபி வாயைப் பொத்திக்கொண்டான்.

வரதன் சார் சிரிக்கவில்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வேணும்னே பண்றீங்களா யாராவது?" என்றார். அவர் பார்வை என்னிடம் வந்து நின்றது.

அன்று மத்தியானம் தனியாக டீக்கடைக்குப் போனேன். ஆறுமுகம் தம்ளரை நீட்டிக்கொண்டே, "இன்னா பாய், ஜன்னல்ல இப்பல்லாம் ஒண்ணும் மாட்றதில்ல? ஜனம் பஸ்ஸை வுட்டுட்டு அத்தப் பாத்துகினு நிக்கும். அந்த முள்ளு மாடு ஷோக்கா இருந்திச்சி," என்றார்.

"எந்த முள்ளு மாடு?"

"இன்னா பாய், நீ வரைஞ்சது உனக்கே தெர்ல? முதுகு பூரா முள்ளு முள்ளா, ஒரு கொம்பு நீட்டு, ஒரு கொம்பு கட்டை. ஒரு ஆளு ரெண்டு மூணு தபா வந்து நின்னுகினு அத்த வரைஞ்சிகினு போனாரு. உங்க ஆளுன்னு சொல்லி ஸ்பெஷல் டீ போட்டுக் குடுத்தேன்."

ஆறுமுகம் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஆனால் அந்த முள் என்ற சொல் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்கள் புத்தக அலமாரியிலிருந்து அந்த இதழைத் தேடி எடுத்தேன். யூசுப் மாமா கொண்டுவந்த ஓரம் கிழிந்த பிரதி. பின் அட்டையைப் பார்த்தேன். அந்தப் பூதத்தின் முதுகில் வரிசையாக முட்கள். ஒரு கொம்பு நீளம், ஒன்று குட்டை.

என் சேற்றரசனுக்கு இரண்டு கொம்பும் ஒரே நீளம். தலையைச் சற்றுத் திருப்பி வரைந்திருந்ததால் அந்தப் பக்கத்துக் கொம்பு நிழலில் குட்டையாகத் தெரியும், அவ்வளவுதான். முதுகில் நின்றவை கொக்குகள். அலகும் கண்ணும் இல்லாத கறுப்புத் தாளில் கழுத்தை நீட்டி நிற்கும் கொக்கு என்ன மாதிரி தெரியும்? முள் மாதிரித்தான். என் படத்தைப் பார்த்து யாராவது எடுத்திருந்தால் கொக்கை வரைந்திருப்பான். இவன் படத்தையே பார்த்ததில்லை. ஜன்னலைப் பார்த்தவன். திருடனுக்கு நாங்கள் யாரும் எதையும் கொடுக்கவில்லை. ஊரே பார்க்கட்டும் என்று நாங்களே ஒட்டிவைத்துவிட்டு உள்ளே ஒருவர் பையை ஒருவர் துழாவிக்கொண்டிருந்தோம்.

அடுத்து வந்த நினைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. உருவத்தை அப்படி உற்றுப் பார்க்கிற ஆபிரகாம் சாருக்கு, தலைகீழாகத் திருப்பி அவ்வளவு நேரம் பார்த்தவருக்கு, இது தெரியாமலா போயிருக்கும்?

மறுநாள் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் என் படத்தையும் அந்த இதழையும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் தலைகீழாகத் திருப்பினார்.

"கொக்கு," என்றார்.

"ஆமா சார்."

"முள்ளு."

"ஆமா சார். எப்பத்துலேர்ந்து சார் தெரியும்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் நாளே சந்தேகந்தான். நிச்சயமாத் தெரியல."

"நிச்சயமாத் தெரியாமத்தான் சார் என் பையைத் திறந்து பாக்கறாங்க."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஜன்னல்ல ஒட்டறது என் பழக்கம் ஜமால். இத்தனை வருஷமா இப்படித்தான் வேலை பண்றேன். இதுதான் தப்புன்னு சொன்னா, அப்புறம் என்கிட்ட என்ன இருக்கு?" என்றார். அவர் என்னை பாய் என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. என்னைக் குளிரவைக்கப் பார்க்கிறாரா?

"நீயே போய் முதலாளிகிட்ட சொல்லிடு," என்றார்.

"நான் சொன்னா தப்பிச்சுக்கறதுக்குச் சொல்றேன்னு நினைப்பாரு சார். நீங்க சொன்னாத்தான் அது உண்மை."

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. முதலாளியின் வீட்டுக்குப் போய் என் மேலேயே போட்டுவிட்டாரோ என்று நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் ஓடவில்லை.

அதற்கு அடுத்த நாள் வந்தார். யாரிடமும் பேசாமல் கறுப்புத் தாளை எடுத்துச் சேற்றரசனை மறுபடி வெட்டினார். என் படத்தை எதிரில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. ஜன்னலில் ஒட்டினார். "சார், ஒரு டீ குடிச்சிட்டு வரலாம் வாங்க," என்று வரதன் சாரை அழைத்தார். என்னைப் பார்த்து, "பாய், நீங்களும்," என்றார்.

ரோட்டைத் தாண்டிப் போய் மூன்று பேரும் நின்றோம். ஆபிரகாம் சார் கையை நீட்டி, "முதுகுல என்ன சார் இருக்கு?" என்று கேட்டார்.

"ஏன், முள்ளு," என்றார் வரதன் சார்.

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம், "அது இன்னாடி, முள்ளம்பன்னியா?" என்று கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஆபிரகாம் சார் மடித்து வைத்திருந்த என் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். "கொக்கு சார். எங்களுக்குத் தெரியும். வெளிய நின்னு பாக்கறவனுக்குத் தெரியாது." பிறகு அந்த இதழின் பின் அட்டையைக் காட்டினார். "இவன் இங்க நின்னு பாத்தவன். ஜன்னல்ல ஒட்டினது நான். பாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

வரதன் சார் படத்தையும் அட்டையையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பஸ் வந்து மறைத்தது. அது நகர்ந்ததும் வரதன் சார் டீயை முடிக்காமலே ரோட்டைத் தாண்டினார். மாடிக்கு வந்ததும் என்னிடம், "சரி பாய், வேலையைப் பாருங்க," என்றார். அவ்வளவுதான். மாசக் கடைசி வந்தது, போனது. என் மேஜை இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் எதுவும் பழையபடி ஆகவில்லை. ஜன்னலுக்கு உள்ளே பழுப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் வரைந்தோம். பை பார்ப்பதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மணியும் நிறுத்தவில்லை. கோபி ஒருநாள், "பாய், நான் உங்களைச் சந்தேகப்படவே இல்ல," என்றான். நான் கேட்கவே இல்லை. எதற்கு வந்து சொல்கிறான் என்று யோசித்தேன். ஆறுமுகம் சொன்ன அந்த ஆள் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வேறு ஒரு பூதத்தை வைத்துக் கதை வெளிவந்து சில இதழ்கள் ஓடி நின்றது. ஆபிரகாம் சார் அதற்கு முன்பே மேடவாக்கத்தில் இருந்த மகள் வீட்டோடு போய்விட்டார். போகும் அன்று என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என் பக்கம் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அதை நன்றி என்று எடுத்துக்கொள்வதா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யூசுப் மாமாவை அவர் வீட்டுக்கே போய் அழைத்துவந்தேன். வந்தார். முன்பு போலத்தான் பேசுகிறார். என் வேலையைப் பற்றி மட்டும் எதுவும் கேட்பதில்லை.

ரிஸ்வானா, நான் கையை வைத்து மறைப்பது உன்னிடமிருந்து இல்லை. கை தானாகப் போய் அங்கே உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த வருஷம் சேலையூரில் வேறு ஸ்டூடியோவில் சேர்ந்தேன். நல்ல இடம். வாசலில் யாரும் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார்கள். நான் விளக்கை அணைத்துவிட்டுப் படியில் இறங்கினேன். திருப்பத்தில் கால் நின்றது. அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. பையைத் திறந்து, டிபன் பாக்ஸின் மூடியையும் திறந்து, சுவருக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மூடிக்கொண்டு இறங்கிப் போனேன்.